ஏஐ பயிற்சி வேலைக்கான திறன் தேர்வில் என்னதான் பார்க்கிறார்கள்?

கேள்வி இது: "வீட்டிலிருந்தே செய்யும் ஏஐ பயிற்சி வேலைக்கு விண்ணப்பித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து தேர்வு எழுதினேன். வாரக்கணக்காகியும் தேறினேனா இல்லையா என்று ஒரு வரிகூட வரவில்லை. எம்.ஏ. தமிழ் படித்திருக்கிறேன், ஆங்கிலமும் சுமாராக வரும். இந்தத் தேர்வுகளில் என்ன எதிர்பார்க்கிறார்கள்? மறுபடி எழுதலாமா?"

பதில் வராதது உங்களுக்கு மட்டும் நடந்த விஷயமில்லை. தேறாதவர்களுக்குத் தகவல் சொல்லும் வழக்கமே இந்தத் துறையில் குறைவு. அதற்கான காரணத்துக்கு அப்புறம் வருகிறேன். தேர்வு எதற்காக இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

சாட்ஜிபிடி போன்ற ஒரு மாடல் இணையத்து எழுத்தையெல்லாம் படித்து முடித்த நிலையில், அடுத்து என்ன சொல் வரும் என்று ஊகிக்கத்தான் அதற்குத் தெரியும். கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வைக்க மனிதர்கள் வேண்டும். இரண்டு பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று சொல்வார்கள், மாதிரிப் பதிலைத் தாங்களே எழுதிக் காட்டுவார்கள், தகவல் பிழை பிடிப்பார்கள், ஒரு பதிலுக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று அளவுகோல் எழுதுவார்கள். ஃப்ரீலான்ஸாகக் கிடைக்கும் பயிற்சி வேலையில் பெரும்பகுதி இந்த நான்குக்குள் வந்துவிடும். தேர்வும் இதே நான்கின் சின்ன ஒத்திகைதான்.

ஆட்களை எப்படிச் சலித்து எடுக்கிறார்கள் என்பதை நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. நல்ல விதிவிலக்கு ஒன்று உண்டு: ஓபன்ஏஐ 2022-இல் வெளியிட்ட இன்ஸ்ட்ரக்ட்ஜிபிடி ஆய்வுக் கட்டுரை. சாட்ஜிபிடிக்கு முன்னோடி அது. அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் தளம் வழியாகவும், ஏஐக்குத் தரவு தயாரித்துக் கொடுக்கும் ஸ்கேல் ஏஐ நிறுவனம் வழியாகவும் சுமார் 40 பேரை எடுத்தார்கள். எப்படி எடுத்தோம் என்று பின்னிணைப்பில் எழுதியிருக்கிறார்கள். புண்படுத்தக்கூடிய எழுத்தை அடையாளம் காண்பதில் விண்ணப்பித்தவர் ஆய்வாளர்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறார் என்று பார்த்தார்கள். ஒரே கேள்விக்கு வந்த பல பதில்களை வரிசைப்படுத்தச் சொல்லி, அதிலும் எவ்வளவு ஒத்துப்போகிறார் என்று பார்த்தார்கள். பக்குவமாகக் கையாள வேண்டிய கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்லி 7-க்கு மதிப்பெண் போட்டார்கள். கடைசியாக, எந்தெந்த மக்களைப் புண்படுத்தும் எழுத்தை உங்களால் இனம் காண முடியும் என்று அவர்களையே கேட்டார்கள். முதல் இரண்டில் 75 சதவீத ஒத்துப்போதல், எழுத்தில் 7-க்கு 6 என்பது உத்தேச எல்லைக்கோடு.

பொது அறிவு, கணக்குப் புதிர், தட்டச்சு வேகம் எதுவும் இந்த நான்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்னொரு எண்ணையும் அதே கட்டுரை தருகிறது. இப்படிச் சலித்து எடுத்த ஆட்கள் வேலையில் இறங்கிய பிறகு தங்களுக்குள் ஒத்துப்போனது 72.6 சதவீதம்தான். தேறியவர்களே நாலு தடவைக்கு ஒரு தடவை வேறு வேறு பதிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதையே இன்னும் கறாராக அளப்பதும் உண்டு. ஏ, பி என்று இரண்டே பதில் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாலும் பாதி ஒத்துப்போய்விடும். அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்க்க உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960-இல் ஓர் அளவு கொடுத்தார். கோஹன் கப்பா என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். நூற்றில் 75 ஒத்துப்போதல் என்றால், தற்செயலாக வரக்கூடிய 50-ஐக் கழித்தால் மிச்சம் 25. தற்செயலுக்கு மேல் வரக்கூடிய அதிகபட்சம் 50. ஆக, கப்பா 0.5. முக்கால்வாசி ஒத்துப்போகிறோம் என்று நிம்மதியாக இருக்கும் ஆள் உண்மையில் பாதி வழியில்தான் நிற்கிறார். தேர்வை வடிவமைப்பவர் பார்ப்பது இந்தக் கணக்கை. நீங்கள் எவ்வளவு புத்திசாலி என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். எப்படி மதிப்பிடுவது என்று சொல்லும் ஒரு கையேட்டைக் கொடுத்தால் அதைப் படித்து, அதே கையேட்டைப் படித்த மற்றவர்கள் வந்து சேரும் இடத்துக்கு நீங்களும் வந்து சேருவீர்களா, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று எழுதிக் காட்டுவீர்களா என்பதே அவர் கேள்வி.

சரி, கேள்வி எப்படி இருக்கும்? நானே ஒன்றைக் கட்டிக் காட்டுகிறேன். உண்மையான தேர்வுக் கேள்விகளை வெளியே எழுதக்கூடாது என்று பெரும்பாலான தளங்களில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

ப்ராம்ப்ட், அதாவது மாடலிடம் கேட்கும் கேள்வி, இது: "பத்து வயதுப் பையனுக்குப் புரியும்படி தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி ஐந்து வரியில் சொல்லு. ஆண்டு, தேதி எதுவும் வேண்டாம்." முதல் பதில் சரியாக ஐந்து வரி, கதை சொல்வதுபோல அழகாக இருக்கிறது, தேதி இல்லை. ஆனால் நான்காவது வரியில் "இந்தக் கோபுரத்தின் நிழல் தரையிலேயே விழாது!" என்கிறது. இரண்டாவது பதில் ஏழு வரி, கொஞ்சம் வறட்சி, 1010-ஆம் ஆண்டு கட்டி முடித்ததாகச் சொல்கிறது. தகவல் அத்தனையும் சரி. எது மேல்?

நம்மில் பலர் முதல் பதிலைத் தயங்காமல் தேர்ந்தெடுப்போம். நிழல் விழாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சாயங்காலம் கோயில் வளாகத்தில் போய் நின்று பார்த்தால் நிழல் நன்றாகவே விழுவது தெரியும். நமக்குத் தெரிந்த விஷயம்தானே என்று நினைக்கும் இடத்தில்தான் இந்த மாதிரிக் கேள்வி ஆளைக் கவிழ்க்கும். அறிமுகமில்லாத தகவலை எல்லோரும் தேடிப் பார்ப்பார்கள். அறிமுகமான தகவலைத் தேடிப் பார்க்கும் ஆள்தான் அவர்களுக்கு வேண்டும்.

நிழல் கதையைப் பிடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது முதல் பதிலில் பொய்த் தகவல் ஒன்று, இரண்டாவதில் நிபந்தனை மீறல் இரண்டு. இங்கேதான் கையேடு வருகிறது. பெரும்பாலான தேர்வுகளில் மொத்தமாக ஒரே மதிப்பெண் கேட்க மாட்டார்கள். சொன்னபடி கேட்டதா, தகவல் சரியா, நீளம் பொருத்தமா, நடை எப்படி, ஆபத்தான எதுவும் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் ஒட்டுமொத்தத் தீர்ப்பு. முதல் பதிலுக்கு "சொன்னபடி கேட்டது" என்ற இடத்தில் முழு மதிப்பெண் போட்டாக வேண்டும், அதில் பொய் இருந்தாலும். பொய்க்கான தண்டனை தகவல் என்ற இடத்தில் மட்டும். ஒரு குறையைக் கண்டதும் எல்லா இடத்திலும் மதிப்பெண்ணைக் குறைப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. ரெவ்யூவராக உட்கார்ந்து மற்றவர்களின் டாஸ்க்குகளைப் பார்த்த காலத்தில் நான் திருப்பி அனுப்பியவற்றில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்.

ஒட்டுமொத்தத் தீர்ப்பில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் வாதாட இடமுண்டு. கையேடு "தகவல் பிழை எல்லாவற்றையும்விடப் பெரிது" என்று சொன்னால் இரண்டாவது. "பயனர் போட்ட நிபந்தனையே முதலில்" என்று சொன்னால் முதலாவது. ஒன்றும் சொல்லாவிட்டால் உங்கள் காரணத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "முதல் பதில் தெளிவாகவும் விரிவாகவும் ஈர்க்கும் வகையிலும் உள்ளது" என்று எழுதினால் போச்சு. எந்தக் கேள்விக்கும் எந்தப் பதிலுக்கும் ஒட்டவைக்கலாம் அந்த வரியை. தேறும் காரணம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "முதல் பதில் ஐந்து வரி, தேதி வேண்டாம் என்ற இரண்டு நிபந்தனைகளையும் காக்கிறது. ஆனால் நான்காவது வரியில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்கிறது. இது பரவலான கதை, உண்மையில்லை. இரண்டாவது பதில் இரண்டு வரி கூடுதல், ஆண்டையும் சொல்லிவிடுகிறது. தகவல் அனைத்தும் சரி. சிறுவனுக்குத் தவறான செய்தி போவது நீளம் கூடுவதைவிடப் பெரிய கேடு என்பதால் இரண்டாவது சற்று மேல்." எங்கே பிழை, எந்த நிபந்தனை, எது எதைவிட ஏன் பெரிது என்று மூன்றும் இதில் இருக்கின்றன. தீர்ப்பும் "சற்று மேல்" என்ற அளவில் நிற்கிறது. இரண்டு பக்கமும் குறை இருக்கும்போது "மிக மிக மேல்" என்ற கடைசிப் பொத்தானை அமுக்கினால், காரணத்தை யாரும் படிப்பதற்கு முன்பே சந்தேகம் வந்துவிடும்.

கையேட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு முந்தைய தலைமுறை, கூகுள் தேடல் முடிவுகளை மதிப்பிடும் வேலை. டெலஸ், ஆப்பன் போன்ற நிறுவனங்கள் வழியாக ஆள் எடுத்தார்கள். அதற்கான கையேட்டை கூகுள் 2015 நவம்பரிலிருந்து முழுமையாகப் பொதுவில் வைத்திருக்கிறது. 160 பக்கத்துக்கும் மேல் போகும். திறந்த புத்தகத் தேர்வுதான், கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம். அப்படியிருந்தும் நிறையப் பேர் தேறுவதில்லை. அதில் "முழுதாகத் தேவையைத் தீர்க்கிறது" என்ற உச்ச மதிப்பீடு இருக்கிறது. கேள்விக்கு ஒரே தெளிவான நோக்கம் இருந்து, அதை ஒரு பக்கம் அப்படியே தீர்த்தால் மட்டுமே அதைக் கொடுக்கலாம். யாராவது "ஐஆர்சிடிசி" என்று தேடி, ஐஆர்சிடிசியின் சொந்தத் தளம் வந்தால் கொடுக்கலாம். "மல்லிகை" என்று தேடினால், செடியா, பூ விலையா, பழைய பத்திரிகையா என்று தெரியாது. எவ்வளவு அருமையான பக்கம் வந்தாலும் உச்ச மதிப்பீடு கூடாது. பக்கம் நன்றாக இருக்கிறதே என்று மனம் இளகுகிறவர்கள் இங்கே விழுவார்கள். இப்போதைய ஏஐ வேலைக்கு வருபவர்கள் அந்தக் கையேட்டில் ஒரு பாதியைப் படித்தாலே போதும். இந்தத் துறை எப்படி யோசிக்கிறது என்று பிடிபட்டுவிடும். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பயிற்சி வகுப்பையும்விட அது மேல். இலவசம் வேறு.

அளவுகோல் எழுதும் தேர்வு அண்மைக் காலத்தில் அதிகமாகி வருகிறது. ரூப்ரிக் என்பார்கள். ஒரு ப்ராம்ப்டைக் கொடுத்து, அதற்கு வரும் எந்தப் பதிலையும் சோதிக்கும்படியான வரிகளை எழுதச் சொல்வார்கள். ஒவ்வொரு வரியும் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும், ஒரு வரியில் ஒரே விஷயம் இருக்க வேண்டும், வேறு எதையும் பார்க்காமல் அந்த வரியை மட்டும் வைத்தே முடிவு செய்ய முடிய வேண்டும். மேலே சொன்ன தஞ்சைக் கேள்விக்கு "பதில் எளிமையாகவும் சரியாகவும் இருக்க வேண்டும்" என்று எழுதினால் மூன்று விதியும் போய்விட்டது. "பதிலில் ஐந்து வரிக்கு மேல் இல்லை", "ஆண்டோ தேதியோ இடம்பெறவில்லை", "கட்டியவர் முதலாம் இராசராசன் என்று சொல்கிறது", "நிழல் விழாது என்ற கதையை உண்மையாகச் சொல்லவில்லை" என்று எழுதினால் தேறும். பள்ளியில் வினாத்தாள் திருத்திய ஆசிரியர்கள் இதை வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

கோடிங் தேர்வு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கு அது தேவைப்படாது. பெரும்பாலும் புதிதாக ஒரு நிரல் எழுதுவதைவிட, மாடல் எழுதிய இரண்டு நிரல்களில் எது சரி என்று கண்டுபிடிப்பதே வேலை. லீப் வருடம் கண்டுபிடிக்கும் நிரல், ஆண்டு நான்கால் வகுபடுகிறதா என்று மட்டும் பார்த்தால் 2024-க்குச் சரியாக வரும், 2000-க்கும் சரியாக வரும், 1900-க்குத் தப்பாகிவிடும். ஓட்டிப் பார்க்காமல் "இரண்டும் சரி" என்று எழுதுபவர் அங்கேயே நிற்பார்.

இயற்பியல், வேதியியல், மருத்துவம், சட்டம் என்று துறை நிபுணர்களுக்கு வேறு மாதிரி. மாடலைத் தோற்கடிக்கும் ஒரு கேள்வியை நீங்கள் எழுத வேண்டும். அதற்கு ஒரே ஒரு சரியான விடை இருக்க வேண்டும், அது சரி என்று நிரூபிக்கவும் முடிய வேண்டும். 2023-இல் வந்த ஜிபிக்யூஏ என்ற கேள்வித் தொகுப்பு கிட்டத்தட்ட இப்படி உருவானதுதான். அப்வொர்க் வழியாகப் பிடித்த ஆய்வுப் பட்டதாரிகள் 448 கேள்விகளை எழுதினார்கள். அதே துறை நிபுணர்கள் 65 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். வேறு துறைப் படிப்பாளிகள், இணையத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் தேடியும், 34 சதவீதம்தான். எழுதியவர்களுக்கு ஊக்கத்தொகையும் இதற்கேற்பத்தான் வைத்தார்கள்: சக நிபுணர் சரியாகச் சொல்ல வேண்டும், வெளியாள் திணற வேண்டும். வெறுமனே குழப்பமான கேள்வி எழுதினால் நிபுணரும் திணறிவிடுவார், அந்த ஊக்கத்தொகை வராது. நிபுணர் தேர்வில் தேறாதவர்கள் பெரும்பாலும் எழுதுவது இந்தக் குழப்பக் கேள்வியைத்தான்.

மெர்கோர் போன்ற சில தளங்களில் முதல் கட்டமே ஏஐ எடுக்கும் வீடியோ நேர்காணல். உங்கள் சுயவிவரத்தைப் படித்துவிட்டு அதிலிருந்தே கேள்வி கேட்கும். சுயவிவரத்தில் நீங்கள் மிகைப்படுத்தி எழுதிய வரியைத்தான் சரியாகப் பிடித்துக்கொண்டு தோண்டும். செய்யாத வேலையைச் சேர்க்காதீர்கள்.

இப்போது உங்கள் மொழிக்கு வருவோம். எம்.ஏ. தமிழ் என்பது உங்களுக்குப் பலம், ஒரு நிபந்தனையோடு. தமிழுக்கான தேர்விலும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், காரணத்தையும் பல ப்ராஜெக்ட்களில் ஆங்கிலத்தில்தான் எழுதச் சொல்வார்கள். உங்களுக்குத் தமிழில் எது ஒட்டவில்லை என்று தெரிந்தால் மட்டும் போதாது. தமிழ் தெரியாத ஒருவருக்கு அது ஏன் ஒட்டவில்லை என்று ஆங்கிலத்தில் நாலு வரியில் விளக்க வேண்டும். மாடல் "உங்களுக்கு மேலும் ஏதேனும் உதவி தேவைப்பட்டால் எனக்குத் தெரியப்படுத்த தயங்க வேண்டாம்" என்று எழுதும். ஒற்று விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டிவிட்டு நிற்பவர் பாதிதான் பார்த்தார். இலக்கணம் திருந்தினாலும் நம் ஊரில் யாரும் இப்படிப் பேசி முடிக்க மாட்டார்கள், "வேறு ஏதாவது வேண்டுமென்றால் கேளுங்கள்" என்பார்கள் என்று சொல்பவரைத்தான் தேடுகிறார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது: பேச்சுத் தமிழைக் கண்டதும் பிழை என்று குறிப்பது. ப்ராம்ப்ட் பேச்சுத் தமிழில் கேட்டால் பதிலும் அந்த நடையில் வருவது குறையில்லை. இலங்கைத் தமிழுக்கும் இந்தியத் தமிழுக்கும் பல ப்ராஜெக்ட்கள் தனித்தனி. யாழ்ப்பாணத்து வழக்கை மதுரைக்காரர் பிழை என்று குறித்தாலும் சிக்கல், மதுரை வழக்கை யாழ்ப்பாணத்துக்காரர் பிழை என்று குறித்தாலும் சிக்கல்.

ப்ராம்ப்டை நீங்களே எழுத வேண்டிய தேர்வும் வரும். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழாக்கிய ப்ராம்ப்ட் உடனே தெரிந்துவிடும். "ஒரு சிறு வணிகத்திற்கான சந்தைப்படுத்தல் உத்தியை உருவாக்கவும்" என்று எந்தத் தமிழர் போனில் அடிப்பார்? "திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன், தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு விளம்பரம் எழுதிக் கொடு, விலை போடாதே" என்று எழுதினால் அதில் ஆளும் இருக்கிறார், தேவையும் இருக்கிறது, சோதிக்கக்கூடிய நிபந்தனையும் இருக்கிறது.

தேர்வை சாட்ஜிபிடியை வைத்து எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கத் தோன்றும். 2023-இல் சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சின்னச் சின்ன இணைய வேலைகளைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் அமேசான் மெக்கானிக்கல் டர்க் தளத்தில் சுருக்கம் எழுதும் வேலை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். செய்தவர்களில் 33 முதல் 46 சதவீதம் பேர் ஏஐயை வைத்து எழுதியதாகக் கணித்தார்கள். விசைப்பலகையில் என்ன தட்டப்பட்டது, என்ன ஒட்டப்பட்டது என்ற பதிவும் அவர்களிடம் இருந்தது. மனிதர் எழுத்து வேண்டும் என்று காசு கொடுப்பவருக்கு மாடல் எழுத்தே திரும்பி வந்தால் அவர் காசு வீண். அதனால் ஒட்டிய எழுத்து, பிரவுசரில் வேறு டேபுக்குப் போனது, எழுத எடுத்த நேரம் எல்லாவற்றையும் பல தளங்கள் கவனிக்கின்றன. ஐம்பது சொல் காரணத்தை மூன்று வினாடியில் நிரப்பினால் படிக்க ஆள் வேண்டியதில்லை. தகவலைச் சரிபார்க்கத் தேடுபொறியைப் பயன்படுத்தலாம், அதைச் செய்யத்தான் வேண்டும். காரணத்தை வேறு இடத்தில் எழுதி ஒட்டும் பழக்கம் இருந்தால் தேர்வுக்கு மட்டுமாவது அதை விட்டுவிடுங்கள்.

தேறிய பிறகும் தேர்வு முடிவதில்லை, இது பலருக்கு எரிச்சல். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனி ஆன்போர்டிங் (வேலைக்கு முந்தைய பயிற்சி), தனி வினாடிவினா. வேலைக்கு நடுவே விடை முன்பே தெரிந்த டாஸ்க்குகளைக் கலந்துவிடுவார்கள். எது சோதனை, எது நிஜம் என்று உங்களுக்குத் தெரியாது. அதில் தொடர்ந்து சறுக்கினால் ஒரு நாள் தளத்தைத் திறக்கும்போது வேலை வரிசை காலியாக இருக்கும். காரணம் சொல்ல மாட்டார்கள். சில தளங்கள் இந்த ஆன்போர்டிங் நேரத்துக்குக் காசு கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை, சில குறைந்த விலை போடுகின்றன. எத்தனை மணி நேரப் படிப்புக்கு எத்தனை மணி நேர வேலை கிடைக்கிறது என்று கணக்குப் பார்க்காமல் விளம்பரத்தில் இருக்கும் மணிக்கூலியை நம்பினால் ஏமாற்றம்தான். இருபது பக்கக் கையேட்டைப் படித்து வினாடிவினா எழுதிய மறுநாளே ப்ராஜெக்ட் நின்றுபோவதும் நடக்கும்.

பதிலே சொல்லாததற்குக் காரணம் என்ன? எந்தக் கேள்வியில் விழுந்தீர்கள் என்று சொன்னால், சாயங்காலத்துக்குள் அது டெலிகிராம் குழுவில் விடையாக வந்துவிடும். தேர்வைப் புதிதாகக் கட்ட அவர்களுக்குச் செலவு. இன்னொன்று, தேறியும் காத்திருப்பில் இருக்கலாம். தமிழ் வேலை இருக்கும்போது நூறு பேரை எடுத்து, இல்லாதபோது யாரையும் கூப்பிடாமல் வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தேறாததும் வேலை இல்லாததும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

மறுபடி எழுதுவது தளத்தைப் பொறுத்தது. ஒரே தடவைதான் என்று சொல்லும் தளங்கள் உண்டு. அங்கே புது மின்னஞ்சலில் புதுக் கணக்கு திறந்து எழுதுவதை யோசிக்கவே வேண்டாம். அடையாள அட்டையையும் முகத்தையும் சரிபார்க்கும்போது இரண்டு கணக்கும் சேர்ந்து போய்விடும். சில தளங்கள் இந்தியாவிலிருந்து ஆள் எடுப்பதே இல்லை. இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் போட்டு எழுதித் தேறியவர்கள் சம்பாதித்த காசை எடுக்க முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்கக் கணக்கை வாடகைக்குத் தருகிறேன், தேர்வை நானே எழுதித் தருகிறேன், முன்பணம் ஐயாயிரம் என்று வருபவர்களிடமும் இதே கதைதான். நியாயமான எந்தத் தளமும் தேர்வுக்கோ பயிற்சிக்கோ உங்களிடம் காசு கேட்காது. கொடுத்து ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். தாமதித்தால் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு குறையும்.

உங்கள் விஷயத்தில் நான் சொல்வது இதுதான்: அந்தத் தளத்தை அப்படியே விட்டுவிடுங்கள், மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். தமிழுக்கு ஆள் தேடுகிறோம் என்று தங்கள் சொந்தத் தளத்திலேயே விளம்பரம் போட்டிருக்கும் வேறு இரண்டு மூன்று இடங்களில் விண்ணப்பியுங்கள். அதற்கு முன் ஏதாவது இரண்டு ஏஐ செயலிகளில் ஒரே தமிழ்க் கேள்வியைக் கேட்டு, வந்த பதில்களை ஒப்பிட்டு, ஆங்கிலத்தில் நூறு சொல்லுக்குள் காரணம் எழுதிப் பழகுங்கள். எழுதியதை ஒரு நாள் கழித்து எடுத்து, எந்தப் பதிலைப் பற்றி எழுதினோம் என்று அந்தக் காரணத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் காரணத்தில் விவரம் போதவில்லை. முடிகிற அளவுக்கு வந்ததும் அடுத்த தேர்வை, அவசரமில்லாத ஒரு காலை வேளையில், கணினியில் உட்கார்ந்து எழுதுங்கள். போனில் எழுதாதீர்கள். இரண்டு பதில்களையும் கையேட்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும் அளவுக்கு அதில் திரை போதாது.